ஏழு எண்ணும் வரை நிற்காத சத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஓரத்தில் உள்ள ஒரு வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை 5 மணிக்குக் கார் கிளம்பும். 3 வருடமாக இந்த வழக்கம் மாறவில்லை. அந்த வீட்டு அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் இரண்டு முறை ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ். ஆறு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் முதல் சுற்றிலேயே படுக்கை கிடைக்கும். ஒரு முறை தவறினாலும் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

வீட்டுக்காரர் மா, தென்னை விவசாயி. வயது 62. செண்பகத்தோப்பு போகும் வழியில், மலையடிவாரத்தில் தோப்பு. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் நிற்கின்றன. மாம்பூ எட்டிப் பார்க்கிற சமயத்தில் தத்துப்பூச்சிக்கு ஒரு தெளிப்பு, 15 நாள் கழித்து இன்னொரு தெளிப்பு என்று நாள் பிசகாமல் செய்கிறவர். மாட்டுக்குக் கோமாரித் தடுப்பூசி 6 மாதத்துக்கு ஒரு முறை தவறாது. பூச்சி வந்த பிறகு மருந்தைத் தேடுகிற ஆள் இல்லை என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் சொல்வார்கள்.

அப்படிப்பட்டவர் ஒரு சத்தத்தை மட்டும் 6 மாதம் கவனிக்காமல் விட்டுவிட்டார்.

கார் 2012-ல் வந்த 1.3 லிட்டர் டீசல் வண்டி. மகன் வேலைக்குச் சேர்ந்த பிறகு அப்பாவுக்காக வாங்கிக் கொடுத்தது. விடியற்காலையில் அவர் செல்ஃப் அடிப்பார். அம்மா திண்ணையில் பையோடும் போர்வையோடும் உட்கார்ந்திருப்பார். இன்ஜின் பிடித்ததும் 'கடகடகட'வென்று தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு உலுக்கியதுபோல ஒரு சத்தம் வரும். பிறகு அடங்கிவிடும். வழக்கமான டீசல் உறுமல் மட்டும் மிஞ்சும். அம்மா எழுந்து வந்து ஏறிக்கொள்வார்.

பட்டறையில் கேட்காத சத்தம்

2024 தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ராஜபாளையத்தை நெருங்கும்போது டேஷ்போர்டில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தது. பிக்கப்பும் மந்தமாக இருந்தது. மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, தென்காசி ரோட்டில் தெரிந்த மெக்கானிக்கின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோனார்.

அந்த மெக்கானிக்கின் அப்பா மில் ஃபிட்டர். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கிய பிறகு, இந்த ஊர் நூற்பாலை ஊராகவே மாறிப்போனது. மில்லில் வேலை பார்த்த ஃபிட்டர்களுக்குக் காதுதான் முதல் கருவி. நூறு சக்கரம் ஒன்றாக ஓடும் கூடத்தில் எந்தச் சக்கரம் அழுகிறது என்று தூரத்தில் நின்றே சொல்வார்கள். அப்பாவிடமிருந்து மகனுக்கு அந்தப் பழக்கம் வந்திருந்தது. ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்பே நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினின் பெல்ட் பக்கத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார்.

"இந்தப் பக்கம் லேசா உரசுது அண்ணாச்சி. விடியக்காலம் ஸ்டார்ட் பண்ணும்போது எவ்வளவு நேரம் சத்தம் வருது?"

"ஒண்ணும் பெருசா இல்லியே. டீசல் வண்டின்னா கொஞ்சம் கடகடங்கத்தான் செய்யும்."

"12 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்திருக்கீங்க. இன்ஜின் சூடாயிருச்சு. இப்ப கேட்டா இந்த நோய் தெரியாது. குளிர்ந்த இன்ஜின்லதான் தெரியும். நீங்கதான் சொல்லணும்."

அவரால் சொல்ல முடியவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து, அன்றைய தோப்பு வேலையை யோசித்துக்கொண்டிருப்பவர் அவர். ஸ்கேனரில், கேம் சென்சாரும் கிராங்க் சென்சாரும் சொல்லும் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று வந்தது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் மருத்துவமனைக்குத் திரும்பினார்.

பத்தரை மணிக்கு டயாலிசிஸ் முடிந்தது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"அதை என்கிட்ட கேக்க வேண்டியதுதான? நான்தான் தினமும் எண்றேனே."

"எதை எண்ணுவ?"

"அந்தச் சத்தத்தை. வண்டி கிளம்புற வரைக்கும் திண்ணையில உக்காந்து எனக்கு வேற என்ன வேலை? போன ஆடிப்பூரம் சமயத்துல ரெண்டு எண்றதுக்குள்ள நின்னுரும். ஐப்பசி மழையில நாலு ஆச்சு. இப்ப ஏழு எண்ணினாத்தான் அடங்குது."

"ஏன் சொல்லல?"

"ரெண்டு தடவ சொன்னேன். வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்னீங்க."

இருவரும் ஆட்டோவில் பட்டறைக்குப் போனார்கள். இரண்டு, நாலு, ஏழு என்ற கணக்கைக் கேட்ட மெக்கானிக், கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"மதினி சொன்னதே போதும் அண்ணாச்சி. இது டைமிங் செயின். வீட்டுக்குக்கூட இதை ஓட்டிட்டுப் போக வேணாம்."

தேர் வடமும் டைமிங் செயினும்

டைமிங் செயின் என்றால் என்ன என்று மெக்கானிக் ஆண்டாள் கோயில் தேரை வைத்தே சொன்னார். ஆடிப்பூரத்தில் வடம் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். வடம் தளர்ந்து தரையில் கிடந்தால், இழுக்கிறவர்கள் நாலு எட்டு நடந்த பிறகுதான் தேர் அசையும். வடம் இறுகி நின்றால், இழுத்த கணமே தேர் நகரும்.

இன்ஜினுக்குள்ளும் அதே கதைதான். கீழே பிஸ்டன்களோடு சுற்றுவது கிராங்க் ஷாஃப்ட். மேலே வால்வுகளைத் திறந்து மூடுவது கேம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் சரியாக ஒரு சுற்று சுற்ற வேண்டும். இரண்டையும் கட்டி வைத்திருப்பது அந்தச் சங்கிலி. இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால், ஒவ்வொரு வால்வும் வினாடிக்குக் கிட்டத்தட்ட 17 முறை திறந்து மூடுகிறது. எல்லாம் நேரக் கணக்குதான்.

சங்கிலி இழுபட்டு நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்பு ரப்பர்போல இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் உள்ள ஊசியும் அதைச் சுற்றிய புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. 100 கண்ணியுள்ள ஒரு சங்கிலியில் கண்ணிக்கு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தேய்ந்தாலும், மொத்தத்தில் 5 மில்லிமீட்டர் நீளம் கூடிவிடும். அந்த 5 மில்லிமீட்டர்தான் தளர்ந்த வடம். கேம் அந்த அளவுக்குப் பின்தங்கும். பிக்கப் குறையும், விளக்கு எரியும்.

ஊசி, புஷ், உருளை சேர்ந்த இந்த வகைச் சங்கிலியை 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்பவர் உருவாக்கினார். சைக்கிள் செயினும் அந்தக் குடும்பம்தான். வெளியே இருக்கும் சைக்கிள் செயினுக்குத் தூசி எதிரி. இன்ஜினுக்குள் இருக்கும் செயினுக்கு அழுக்கான ஆயில் எதிரி.

தளர்வைப் பிடித்து இறுக்க டென்ஷனர் என்று ஒன்று உண்டு. இது ஆயிலின் அழுத்தத்தால் வேலை செய்கிறது. இரவு முழுக்க வண்டி நிற்கும்போது ஆயில் கீழே வடிந்துவிடும். காலையில் இன்ஜினைக் கிளப்பி, ஆயில் மேலே ஏறி டென்ஷனரை நிரப்பும் வரை செயின் தளர்ந்து ஆடி, ஓரத்து வழிகாட்டிப் பட்டைகளில் அடிக்கும். அதுதான் அந்தக் கடகட சத்தம். ஆயில் வந்து சேர எடுக்கும் நேரத்தைத்தான் அந்த அம்மா திண்ணையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு நாலாகி, நாலு ஏழானால், ஒன்று செயின் தேய்கிறது, அல்லது ஆயில் வரும் வழி அடைபடுகிறது, அல்லது இரண்டும் நடக்கிறது.

ஏழு எண்ணியாவது சத்தம் அடங்குகிறதே, அப்புறம் என்ன என்று அவர் கேட்டார். தளர்ந்த செயின் ஒருநாள் ஒரு பல் தாவும், அல்லது அறும் என்றார் மெக்கானிக். டீசல் இன்ஜினில் காற்றைக் கிட்டத்தட்ட 17 மடங்கு அமுக்கித்தான் தீப்பிடிக்க வைக்கிறார்கள். ஸ்பார்க் பிளக் கிடையாது. அதனால் பிஸ்டன் மேலே வரும்போது அதற்கும் வால்வுக்கும் நடுவில் இடம் மிகக் குறைவு. நேரம் தவறினால் திறந்திருக்கும் வால்வை ஏறிவரும் பிஸ்டன் அடிக்கும். வால்வு வளையும், அதைத் தள்ளும் கைகள் உடையும், சில சமயம் பிஸ்டனே ஓட்டையாகும். அப்போது ஆகும் செலவில் இந்த வேலையைப் பல தடவை செய்துவிடலாம்.

"விடியக்காலம் அஞ்சரை மணிக்கு நடு ரோட்டுல அது நடந்தா செலவு ஒரு பக்கம் அண்ணாச்சி. மதினியை வச்சிக்கிட்டு எங்க நிப்பீங்க?"

அன்று இருவரும் பஸ்ஸில்தான் வீடு திரும்பினார்கள். டயாலிசிஸ் முடிந்த களைப்பில், கம்பியில் தலையைச் சாய்த்தபடியே அந்த அம்மா வந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை.

ஓடியது குறைவு, ஆயிலின் வயது அதிகம்

கிளம்புவதற்கு முன் மெக்கானிக் கேட்ட கடைசிக் கேள்வி, ஆயில் எப்போது மாற்றியது என்பது. அவர் நம்பிக்கையோடு கதவு ஓரத்து ஸ்டிக்கரைக் காட்டினார். அடுத்த ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் அதில் எழுதியிருந்தது.

"இன்னும் 700 கிலோமீட்டர் இருக்கு."

கிலோமீட்டர் இருந்தது. தேதிதான் போய்விட்டது. அந்த ஆயிலை ஊற்றி 3 வருடம் ஆகியிருந்தது.

முன்பெல்லாம் அந்த வண்டி மதுரை, தென்காசி, திருநெல்வேலி என்று ஓடும். 10,000 கிலோமீட்டர் சீக்கிரம் வந்துவிடும். ஆயிலும் மாறும். மனைவிக்கு உடம்பு முடியாமல் போன பிறகு அவர் வேறெங்கும் அதிகமாகப் போவதில்லை. போய்வர 24 கிலோமீட்டர், வாரம் இரண்டு முறை. 3 வருடத்துக்கு 156 வாரம். கணக்குப் போட்டால் 7,500 கிலோமீட்டர்கூட வரவில்லை. தோப்புக்கும் கடைக்கும் ஓடியதைச் சேர்த்தால் 9,300. வண்டியை அதிகம் ஓட்டவில்லை, அதனால் தேயாது என்று அவர் நினைத்தார். விவசாயிகள் பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மெக்கானிக் கணக்கை வேறு மாதிரி போட்டார். போகும்போது ஒரு குளிர் ஸ்டார்ட். நாலைந்து மணி நேரம் நின்று ஆறிய பிறகு திரும்பும்போது இன்னொன்று. வாரத்துக்கு 4. மூன்று வருடத்துக்கு 624. ஒவ்வொரு முறையும் ஆயில் வந்து சேரும் வரை செயின் ஆடி அடித்திருக்கிறது. 12 கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் தண்ணீர் சூடாகிவிடும். ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதற்குள் பயணம் முடிந்துவிடும். அப்போது எரியாத டீசலும் ஈரமும் ஆயிலில் கலந்து தங்கிவிடுகின்றன. தூர ஓட்டத்தில் இவை சூட்டில் வெளியேறிவிடும், குறுகிய ஓட்டத்தில் சேர்ந்துகொண்டே போகும். கூடவே டீசலின் கரித்தூள். மூன்றும் சேர்ந்த ஆயில், செயினின் ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உப்புத்தாள்போல உரசும்.

அதனால்தான் வண்டியின் கையேட்டில் கிலோமீட்டரோடு மாதத்தையும் எழுதுகிறார்கள். இரண்டில் எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்ற வேண்டும். தினமும் குறைந்த தூரம் மட்டும் ஓடும் வண்டிக்கு அதையும்விட முன்னதாக மாற்றுவது நல்லது.

சத்தத்தை அடக்கி விற்கலாமா?

அன்று இரவு மகன் போனில் பேசினார். "அப்பா, அந்த வண்டிக்கு இனிமே செலவு பண்ணாதீங்க. வித்துருங்க. ஆஸ்பத்திரிக்கு டாக்சி வச்சுக்கலாம்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மெக்கானிக் சொன்ன தொகை, தென்னையில் ஒரு பறிப்புக்கு வரும் பணத்தை முழுசாக விழுங்கிவிடும்.

மறுநாள் பழைய கார் வாங்கி விற்கும் தரகர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்குப் போய் யோசிக்கிறீங்களா அண்ணாச்சி? கெட்டி ஆயிலா ஊத்துவோம். சத்தம் அடங்கிரும். ஸ்கேனர்ல விளக்கை அழிச்சிருவோம். இன்ஜினைச் சூடாக்கி வச்சுட்டு ஆளைக் கூப்பிட்டா, ஒருத்தனுக்கும் தெரியாது."

இது நடக்காத காரியம் இல்லை. கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். ஆனால் விடியற்காலைக் குளிரில் கெட்டி ஆயில் மேலே ஏற இன்னும் அதிக நேரம் எடுக்கும். செயின் இன்னும் வேகமாகத் தேயும். சத்தம் மட்டும்தான் மறையும்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. மாம்பழ சீசனில் அவரிடம் இதே மாதிரி பேச்சு வருவதுண்டு. கார்பைடு கல் வைத்தால் ஒரே நாளில் நிறம் ஏறிவிடும், நல்ல விலைக்குப் போகும் என்பார்கள். கல் வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. எத்திலீன் வாயுவைக் குறிப்பிட்ட அளவில் பயன்படுத்த அனுமதி உண்டு. அவர் வைக்கோலில் பழுக்க வைத்துதான் கொடுப்பார். நிறம் கொஞ்சம் மட்டாக இருக்கும், விலையும் குறையும். ஆனால் அவர் பழத்தை வாங்கிப் போனவர்கள் அடுத்த வருடமும் அவரைத் தேடி வருகிறார்கள்.

உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "அந்த வண்டியில அடுத்து யாரு வீட்டுப் பொம்பளை உக்காருவாளோ."

தரகர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அவர் மெக்கானிக்குக்குப் போன் செய்து, சாமான்களை வரவழைக்கச் சொன்னார்.

பூட்டிப் பிரிக்கிற வேலை

செயினை மட்டும் மாற்றினால் போதாதா என்று அவர் கேட்டுப் பார்த்தார். சைக்கிளில் தேய்ந்த பல்சக்கரத்தில் புதுச் செயினைப் போட்டால் என்ன ஆகும் என்று மெக்கானிக் திருப்பிக் கேட்டார். புதுச் செயினும் சீக்கிரம் கெட்டுவிடும் என்பது சைக்கிள் ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். ஆகவே செயின், மேல் கீழ்ப் பல்சக்கரங்கள், வழிகாட்டிப் பட்டைகள், டென்ஷனர், சீல், கேஸ்கெட், ஒரு முறை இறுக்கினால் மறுபடி பயன்படுத்தக் கூடாத போல்ட்டுகள் எல்லாம் மதுரையிலிருந்து வியாழக்கிழமை வந்து சேர்ந்தன.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸுக்குப் பக்கத்துத் தோட்டக்காரரின் சரக்கு வண்டியில், முன் சீட்டில் உட்கார்ந்து போனார்கள். மனைவி உள்ளே போனதும் அவர் பட்டறைக்கு வந்து வேலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பேட்டரி வயரைக் கழற்றியாகிவிட்டது. வலது முன் சக்கரத்தையும் எடுத்தாகிவிட்டது. இன்ஜினைக் கீழேயிருந்து ஜாக்கியில் தாங்கி, மேலே மவுன்டிங்கைப் பிரித்திருந்தார்கள். இதில் முக்கியமானது பூட்டு. செயினைக் கழற்றும் முன் கிராங்கையும் கேமையும் அதற்கென்று உள்ள ஊசிகளால் அசையாமல் பூட்ட வேண்டும். அந்த ஊசிகள் இல்லாமல், பெயின்ட் அடையாளத்தை நம்பிப் பிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள். தேய்ந்த செயினில் வைத்த அடையாளமே பிசகியிருக்கும். அதை நம்பிப் புதுச் செயினைப் போட்டால் பழைய பிழையும் கூடவே வந்துவிடும்.

கீழே கிராங்க் புல்லியின் நடு போல்ட்டைக் கழற்றும் முன் மெக்கானிக் கையேட்டை எடுத்துப் பார்த்தார். சில இன்ஜின்களில் இந்த போல்ட்டுக்கு இடது மரை இருக்கும். தெரியாமல் வழக்கமான பக்கம் திருகிக்கொண்டே போனால் போல்ட் இறுகி முறிந்துவிடும்.

அடியில் ஆயில் சேம்பரை இறக்கியபோது உள்ளே கிடந்ததைப் பார்த்து அவருக்குப் பேச்சு வரவில்லை. அடியில் கறுப்புக் களி படிந்திருந்தது. பம்புக்கு ஆயில் போகும் வழியில் உள்ள வலை, ஸ்ட்ரெய்னர் என்பார்கள், பாதிக்கு மேல் அடைத்திருந்தது.

"இது என்ன, சொட்டுநீர்ப் பாசன ஃபில்டர் அடைச்ச மாதிரி இருக்கு!"

"அதேதான் அண்ணாச்சி. ஃபில்டர் அடைச்சா கடைசி மரத்துக்குத் தண்ணி போகாதுல்ல? இங்க கடைசி மரம் டென்ஷனர்."

பழைய செயினையும் புதுச் செயினையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுக் காட்டினார். பழையது கீழே எட்டிப் பார்த்தது. பக்கவாட்டில் படுக்கவைத்து நுனியைப் பிடித்துத் தூக்கியபோது பழையது வில்லாக வளைந்தது. புதியது விறைப்பாக நின்றது. வழிகாட்டிப் பட்டைகளில் செயின் அறுத்த பள்ளங்கள் இருந்தன. டென்ஷனரின் தண்டு அதன் கடைசி எல்லை வரை வெளியே வந்திருந்தது. இனிமேல் அது இறுக்குவதற்கு இடமே இல்லை.

அவர் பழைய செயினைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒரு முழ வடம்போல இருந்தது. இத்தனை நாள் மனைவியை ஏற்றிக்கொண்டு எதை நம்பிப் போய்வந்தோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

களியைக் கழுவி, வலையைச் சுத்தம் செய்து, புதுச் சாமான்களைப் பூட்டினார்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் கொண்டு, சொன்ன அளவுக்கு இறுக்கினார்கள். பிறகு பூட்டு ஊசிகளை எடுத்துவிட்டு, ஸ்பேனரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினார்கள். எங்கும் தட்டவில்லை. ஊசிகளை மறுபடி வைத்துப் பார்த்தபோது துளையில் சரியாக இறங்கின. டைமிங் சரி என்பதற்கு இதுதான் சாட்சி. இந்த இரண்டு சுற்றைச் சுற்றாமல் செல்ஃப் அடிக்கும் அவசரக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

மூடிக்குத் தடவிய பேஸ்ட் இறுக நேரம் விட்டு, சனிக்கிழமை புது ஆயிலும் ஃபில்டரும் போட்டார்கள். முதலில் இன்ஜின் பிடிக்காதபடி செய்துவிட்டு செல்ஃபை மட்டும் சில முறை சுற்ற வைத்தார்கள். ஆயில் மேலே ஏறிய பிறகுதான் கிளப்பினார்கள். மிச்சமிருக்கும் களி கரைந்து வரும் என்பதால் 1,000 கிலோமீட்டரில் ஆயிலை ஒரு தடவை மாற்றிவிடச் சொல்லி அனுப்பினார் மெக்கானிக்.

உங்கள் வண்டியில் என்ன இருக்கிறது?

இந்தச் சம்பவத்தைக் கேள்விப்பட்ட பக்கத்துத் தோட்டக்காரர்கள், டிராக்டருக்கும் இப்படிச் செயின் உண்டா என்று கேட்டார்கள். நம் ஊரில் ஓடும் டிராக்டர்களிலும் டீசல் பம்ப்செட்டுகளிலும் பெரும்பாலும் செயின் இல்லை. பல்லோடு பல் பொருந்தும் கியர்தான். கியர் தாவாது. ஆனால் ஆயில் விதி அதற்கும் அதேதான். டிராக்டருக்கு மீட்டரில் ஓடும் மணிக்கணக்கோடு மாதக் கணக்கையும் பார்க்க வேண்டும். உழவு முடிந்து மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் டிராக்டரின் ஆயிலுக்கும் வயது ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

ஸ்பிளெண்டர் போன்ற பைக்குகளில் இன்ஜினுக்குள் சின்ன டைமிங் செயின் உண்டு. பைக் மெக்கானிக் டைமிங் செயின் சத்தம் என்று சொல்வது இதைத்தான்.

டீசல் கார்களில் இரண்டு வகை. ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று பல வண்டிகளில் வந்தது. அதில் செயின். மாருதி 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும் அந்த வண்டிகள் கிராமங்களில் இன்னும் நிறைய ஓடுகின்றன. பழைய டீசல் இண்டிகா, லோகன், டஸ்டர் போன்றவற்றில் செயினுக்குப் பதில் ரப்பர் பெல்ட். பெல்ட் சத்தம் போட்டு எச்சரிக்காது, திடீரென்று அறும். அதனால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் அல்லது வருடம் வந்ததும், பார்க்க நன்றாக இருந்தாலும், மாற்றிவிட வேண்டும். செயினுக்கு அப்படி மாற்றும் கெடு பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஆயில் சரியாக இருந்தால் அது இன்ஜினோடு நீண்ட நாள் ஓடும். ஆயில் கெட்டால் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லும்.

பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் விடியற்காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போக வேண்டும். பானட்டைத் தொட்டுப் பார்த்து, சூடாக இருந்தால் ஆறட்டும் என்று காத்திருங்கள். கண்ணாடியை இறக்கி, கிளப்பச் சொல்லி வெளியே நின்று கேளுங்கள். கடகட சத்தம் வந்தால் எண்ணத் தொடங்குங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கம்

அடுத்த செவ்வாய்க்கிழமை விடியற்காலை 5 மணி. அவர் கண்ணாடிகளை இறக்கிவிட்டு செல்ஃப் அடித்தார். திண்ணையைப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்றதுக்குள்ள நின்னுருச்சு" என்றபடி அந்த அம்மா எழுந்து வந்து ஏறினார்.

டயாலிசிஸ் நோயாளிகள் பலரிடம் ஒரு நோட்டு இருக்கும். போகும்போது எடை, வரும்போது எடை, ரத்த அழுத்தம், குடித்த தண்ணீரின் அளவு. அந்த அம்மாவும் 3 வருடமாக ஒரு நாள் விடாமல் எழுதி வருகிறார். அன்று மருத்துவமனையில் ஊசி போடும் வரை காத்திருந்தபோது, நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கோடு போட்டார். தேதி, கிலோமீட்டர், ஆயில், சத்தம் என்று நாலு கட்டம். சத்தம் என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று எழுதினார்.

கீழே இரண்டு வரி. 1,000 கிலோமீட்டரில் ஒரு ஆயில். அதற்கு அடுத்தது, கிலோமீட்டர் எவ்வளவு இருந்தாலும், ஆடிப்பூரத்துக்கு முந்தின வாரம்.